பாவாடை அணிந்த குழந்தை பையன்தானா?

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டு மூதாட்டி ஓர் அட்டைப் புகைப்படத்தைக் காட்டி, தம் தாத்தாவின் சிறுவயதுப் படம் என்கிறார். படத்திலுள்ள குழந்தைக்கு நான்கு வயது இருக்கலாம். மடிப்புப் பாவாடையும் லேஸ் காலரும் அணிந்திருப்பதால், அவருடைய பேத்தி இது பெண் குழந்தைதான் என்று சாதிக்கிறாள். யார் சொல்வது சரி? படம் எந்தக் காலத்தது?

பதில்: பாவாடையை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அமெரிக்கக் குடும்பங்களில் ஆண் குழந்தைகளுக்கும் கவுன்தான் போட்டார்கள். சிறுநீர் கழிக்கச் சொல்லத் தெரியாத குழந்தைக்குப் பித்தான் வைத்த கால்சட்டையை அவிழ்த்து மாட்டுவது பெரும்பாடு; கவுன் என்றால் மாற்றுவதும் எளிது, உள்மடிப்பைப் பிரித்துவிட்டால் மறுவருடமும் அதையே போடலாம். நான்கு முதல் ஏழு வயதுக்குள்தான் பெரும்பாலான பையன்கள் கால்சட்டைக்கு மாறினார்கள். பின்னாளில் அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே 1884-இல், இரண்டரை வயதில், கவுனும் நீண்ட முடியுமாகப் படத்துக்கு அமர்ந்தவர்தான்.

நீங்கள் அனுப்பிய பிரதியில் நான் முதலில் பார்த்தது வகிடு. அக்காலத்தில் பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நேர் வகிடும், பையன்களுக்குக் கோண வகிடும் எடுத்தார்கள். இக்குழந்தைக்கு இருப்பது கோண வகிடு. விதிவிலக்குகள் உண்டு என்பதால் அதோடு நின்றுவிடாமல் மேலுடையையும் கவனியுங்கள். குட்டையான கோட்டின் முன்புறத்தில் மேலிருந்து கீழ்வரை பித்தான் வரிசை தெரிகிறது. சிறுமிகளின் கவுன் பெரும்பாலும் முதுகுப்புறம்தான் பூட்டப்படும். பாவாடையோ முன்னால் தட்டையாகவும், பக்கவாட்டில் அழுத்தித் தேய்த்த மடிப்புகளோடும் இருக்கிறது. இது 1870-களிலும் 1880-களிலும் சிறுவர்களுக்கென்றே தைக்கப்பட்ட, ஸ்காட்லாந்து பாணியைத் தழுவிய கில்ட் உடை. கையில் சாட்டையும் இருப்பதால், இது பையன்தான் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

காலத்தைக் கணிக்க உடையை விட அட்டையே நல்ல சாட்சி. நீங்கள் குறிப்பிட்ட ஏறத்தாழ 4¼ × 6½ அங்குல அளவு, 1866-இல் அறிமுகமான, தடித்த அட்டையில் ஒட்டிய ஸ்டுடியோ படமான கேபினட் கார்டுக்கு உரியது. அடர்நிற அட்டையும் பொன்பூசிய சாய்ந்த விளிம்பும் 1880-களைச் சுட்டுகின்றன. அகன்ற லேஸ் காலரைப் பார்த்ததும் ‘லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய்’ பாணி என்று சொல்லத் தோன்றும். 1885-இல் தொடராகவும் 1886-இல் நூலாகவும் வந்த அந்தக் கதையின் ஓவியங்களைப் பார்த்து அமெரிக்கத் தாய்மார்கள் மகன்களுக்கு வெல்வெட் கோட்டும் லேஸ் காலரும் தைத்தது உண்மையே. ஆயினும் பெரிய காலர்கள் அதற்கு முன்பும் இருந்தன. அண்ணன் போட்ட உடை தம்பிக்கு வருவதும் வழக்கம். ஆகவே 1880-களின் பிற்பாதி என்று கொள்வது பொருத்தமே தவிர, ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல உடை மட்டும் போதாது. நிறத்தையும் நம்பாதீர்கள்: அக்காலப் புகைப்படத் தகடுகள் நீல ஒளியையே அதிகம் பதிவு செய்ததால் நீலத் துணி வெளிறியும் சிவப்புத் துணி கறுத்தும் விழும், இந்தக் ‘கறுப்பு’ உடை நல்ல சிவப்பாகவே இருந்திருக்கலாம்.

இனி ஆவணங்களுக்குச் செல்லுங்கள். அட்டையின் அடியில் அச்சாகியிருக்கும் ஸ்டுடியோவின் பெயரும் தெருவும் அவ்வூரின் பழைய முகவரிக் கையேடுகளில் எந்தெந்த ஆண்டுகளில் வருகின்றன என்று பார்த்தால் கால இடைவெளி குறுகும். 1890-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி வாஷிங்டனில் 1921-இல் நேர்ந்த தீவிபத்தால் நமக்குக் கிடைக்காமல் போய்விட்டது. எனவே 1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைத் தேடுங்கள், அதில் ஒவ்வொருவரும் பிறந்த மாதமும் ஆண்டும் உள்ளன. தாத்தா 1881-க்கும் 1886-க்கும் இடையில் பிறந்திருந்தால் மூதாட்டி சொல்வதை ஏற்கலாம். 1870-களின் நடுவில் பிறந்தவர் என்றால், அதே வீட்டுப் பதிவில் அவருக்கு ஒரு தம்பி இருக்கிறாரா என்று பாருங்கள்; படத்தில் இருப்பது அந்தத் தம்பியாக இருக்கலாம்.