ப்ளூ-ரே மென்பொருள் வாங்குமுன்: கேள்வி-பதில்

கேள்வி: குடும்ப நிகழ்ச்சிகளை நானே படம்பிடித்து, இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு எம்பி4 கோப்புகளை ப்ளூ-ரே வட்டில் எழுதினேன். கணினியில் ஓடுகிறது, தொலைக்காட்சியோடு இணைத்த ப்ளேயரில் ஓடவில்லை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் சரியாக எழுதுமா?

பதில்: இப்போதுள்ள மென்பொருளே தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கோப்புகளை இருக்கிறபடியே வட்டில் பதிவது பர்னிங். அவற்றை ப்ளூ-ரே விதிக்கு உட்பட்ட காணொளியாக மாற்றி, அத்தியாயமும் மெனுவும் அமைத்து, ப்ளேயர் தேடுகிற ஒழுங்கில் பிடிஎம்வி என்ற கோப்புறைக்குள் அடுக்கித் தருவது ஆத்தரிங். உங்களுக்குத் தேவை இரண்டாவது. எம்பி4 கோப்பை நேரடியாகத் திறக்கும் ப்ளேயர்களும் உண்டு என்றாலும், பிறருக்குக் கொடுக்கும் வட்டில் அதை நம்பக் கூடாது.

மெனு வேண்டாம் என்றால் ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை. எச்.264 என்ற சுருக்க முறையில் உள்ள காணொளியை மறுபடி என்கோட் செய்யாமலே, அதாவது புதிதாகச் சுருக்காமலே, பிடிஎம்வி அமைப்பில் இட்டுத் தர டிஎஸ்மக்சர் என்ற இலவச மென்பொருள் போதும். அந்தக் கோப்புறையை இம்ஜ்பர்ன் என்ற வட்டு எழுதும் மென்பொருள் மூலம், யுடிஎஃப் 2.50 கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்து வட்டில் எழுதலாம். இம்ஜ்பர்னின் கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது. ஆனாலும் இந்த வேலைக்கு அது போதும். கைபேசிக் காணொளியின் ஏஏசி ஒலி ப்ளூ-ரே விதியில் இல்லாததால், அதை டால்பி டிஜிட்டலாக மாற்றிக்கொள்ள வேண்டும். 1080p அளவில் நொடிக்கு 60 சட்டகம் ஓடும் காணொளியும் சாதாரண ப்ளூ-ரே விதிக்குள் அடங்காது. மெனு கட்டாயம் வேண்டும் என்றால், டிஎம்பிஜிஎன்க் ஆத்தரிங் வொர்க்ஸ் போன்ற, ஆத்தரிங்குக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளின் சோதனைப் பதிப்பை முதலில் இறக்கி, ஐந்து நிமிடக் காணொளி ஒன்றை பிடி-ஆர்இ வட்டில் எழுதி, உங்கள் ப்ளேயரிலேயே ஓட்டிப் பார்த்த பிறகு வாங்குங்கள். பிடி-ஆர்இ வட்டை அழித்து அழித்து எழுதலாம் என்பதால் சோதனையில் வட்டு வீணாகாது.

கேள்வி: 25 ஜிபி என்று அச்சிட்ட வட்டு, கணினியில் 23.3 ஜிபி என்று காட்டுகிறது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இல்லை. வட்டு தயாரிப்பவர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் எண்ணுவதால் ஒரே கொள்ளளவு இரு எண்களாகத் தெரிகிறது.

கேள்வி: 'ப்ளூ-ரே ஆதரவு உண்டு' என்று விளம்பரப் பக்கத்தில் பார்த்து, ஒரு மென்பொருள் தொகுப்பை வாங்கினேன். நிறுவிய பிறகுதான் அதில் தரவு மட்டுமே எழுத முடியும், படமாக அமைக்க முடியாது என்று தெரிந்தது. உரிமச் சாவியை அனுப்பிவிட்டதால் பணத்தைத் திருப்ப முடியாது என்கிறார்கள்.

பதில்: தவறு உங்களுடையது அல்ல. இந்தத் துறையில் எனக்குத் தீராத கோபம் மூட்டுவது இந்த மூன்று சொற்கள்தான். ப்ளூ-ரே வட்டில் தரவு எழுதுவது ஒன்று. ஏற்கெனவே தயாரான பிடிஎம்வி கோப்புறையை எழுதுவது இன்னொன்று. மெனுவோடு புதிய வட்டை அமைப்பது வேறு. கடையில் வாங்கிய படத்தை ஓட்டுவது முற்றிலும் வேறு, ஏனென்றால் அதற்கு ஏஏசிஎஸ் என்ற நகல் தடுப்புப் பாதுகாப்புக்கான உரிமம் தேவை. முதலாவதை மட்டும் செய்யத் தெரிந்த மென்பொருளும் நான்கையும் செய்கிற மென்பொருளும் ஒரே வாசகத்தை ஒரே அளவு எழுத்தில் போட்டுக்கொள்கின்றன. தரவு எழுதும் வசதி விண்டோஸ் 7 முதல் இயங்குதளத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே கையில் உள்ள ஒன்றுக்கு மறுபடி பணம் வாங்குவதை வியாபாரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் வாங்கிய ஒரு தொகுப்பின் முகப்பிலும் இதே வாசகம் இருந்தது. திறந்தால், ஆத்தரிங்குக்குத் தனிச் செருகுநிரல் வாங்க வேண்டும் என்றது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, உறையைப் பிரித்துவிட்டதால் முடியாது என்றார்கள். உறையைப் பிரிக்காமல் வாங்கியவர் அதை எப்படி அறிந்திருக்க முடியும்?

நீங்கள் விட்டுவிடாதீர்கள். விளம்பரப் பக்கம் மாற்றப்படுவதற்கு முன் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமியுங்கள். எந்த வாசகத்தை நம்பி வாங்கினீர்கள், எந்த வேலை நடக்கவில்லை என்பதை மட்டும் தேதியோடு எழுத்தில் அனுப்புங்கள். அட்டை வழியே பணம் செலுத்தியிருந்தால், விளம்பரத்தில் சொன்ன பொருள் தரப்படவில்லை என்று வங்கியிடம் முறையிடுங்கள்.

கேள்வி: பெரிய தள்ளுபடி கிடைத்ததால் ஆத்தரிங் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டிவிட்டேன். என்னிடம் இருப்பது டிவிடி ரைட்டர். அதில் ப்ளூ-ரே எழுத ஏதாவது வழி உண்டா?

பதில்: கிடையாது. டிவிடி 650 நானோமீட்டர் சிவப்பு லேசரால் எழுதப்படுகிறது. ப்ளூ-ரே 405 நானோமீட்டர் லேசரால் எழுதப்படுகிறது. எந்த மென்பொருளாலும் லேசரை மாற்ற முடியாது. கணினிக்குத் தேவையானவை என்ற பட்டியல் ஒவ்வொரு மென்பொருளின் பக்கத்திலும் இருக்கிறது. தள்ளுபடியைப் படித்த நீங்கள் அதையும் படித்திருக்க வேண்டும். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதை இன்றே நிறுத்துங்கள். குறுகிய காணொளிகளை ஏவிசிஎச்டி என்ற காணொளி அமைப்பில் சாதாரண டிவிடியில் எழுதினால், பல ப்ளூ-ரே ப்ளேயர்கள் உயர் தெளிவிலேயே காட்டும். வாங்கியதை அதற்காவது பயன்படுத்துங்கள்.

கேள்வி: விலைக்கு வாங்கிய திரைப்பட வட்டை நகலெடுக்க எந்த மென்பொருள் நல்லது?

பதில்: வட்டின் நகல் தடுப்புப் பாதுகாப்பை உடைப்பது பல நாடுகளில் குற்றம் என்பதால், அதற்கான மென்பொருளை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: எழுதும் வட்டுகளில் பாதி பிழையோடு முடிகின்றன. வேறு மென்பொருள் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். யுஎஸ்பி வழியே மின்சாரம் பெறும் மெல்லிய டிரைவ் என்றால், போதிய மின்சாரம் கிடைக்காமல் எழுதும் நடுவே தடுமாறுவது உண்டு. கணினியின் துளையிலேயே நேராகச் செருகுங்கள். வட்டு எல்டிஎச் வகையா என்றும் பாருங்கள். கரிமச் சாயம் பூசிய அந்த வகை மலிவானது, சில டிரைவ்களோடு ஒத்துப்போகாதது, நாள்பட நிற்கும் என்று நம்பத் தகாதது. டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, நான்கு மடங்கு வேகத்தில் எழுதி, எழுதியதைச் சரிபார்க்கும் தேர்வை இயக்கி வையுங்கள். இவ்வளவுக்கும் பிறகு பிழை வந்தால் வேறு நிறுவனத்தின் வட்டை முயலுங்கள்.

கேள்வி: பதிவு செய்யும் ப்ளூ-ரே வட்டுத் தயாரிப்பை சோனி நிறுத்திவிட்டதாமே. இனி இந்த மென்பொருளுக்குச் செலவு செய்வது வீணா?

பதில்: சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்தியது உண்மை. வேறு நிறுவனங்களின் வட்டுகள் இன்னும் விற்கின்றன. கையில் டிரைவும் எழுத வேண்டிய காணொளியும் இருந்தால் வாங்கலாம். ஆனால் சந்தாவாக அல்லாமல் ஒரே முறை பணம் கட்டும் உரிமமாக வாங்குங்கள்; இணையத்தில் சரிபார்க்காமல் இயங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிறுவனம் தன் சர்வரை மூடிவிட்டால் காசு கொடுத்த மென்பொருள் அடுத்த கணினியில் திறக்காது. நிறுவும் கோப்பையும் உரிமச் சாவியையும் தனியே சேமித்து, அமைத்து முடித்த ஒவ்வொரு வட்டையும், முழு வட்டின் நகலான ஐஎஸ்ஓ கோப்பாக ஹார்ட் டிஸ்கிலும் வைத்துக்கொள்ளுங்கள்.