பால்வழியின் நடுவே வாயு இழைகள்: அளப்பது எப்படி?

பால்வழியின் மையத்தில் இருக்கும் அயனியான (எலக்ட்ரானை இழந்து மின்னேற்றம் பெற்ற) வாயு இழைகளைப் பற்றிக் கொங்குப் பக்கத்து நண்பர்கள் கேட்டதும் என் பதில்களும்.

கோபி, பள்ளி மாணவி: அக்கா, வெள்ளக்கோவில் பக்கம் எங்க காட்டிலிருந்து அந்த இழைகள் தெரியுமா?

திசை தெரியும் கண்ணு. ஆடி மாதம் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே தனுசு ராசியைப் பார். ஆனால் 26,000 ஒளியாண்டுத் தூசி நடுவில் நிற்கிறது. லட்சம் கோடி ஒளித்துகளில் ஏதோ ஒன்றுதான் நம் கண்ணுக்கு வரும். ரேடியோவும் அகச்சிவப்பும்தான் ஊடுருவி வரும்.

திருப்பூர், பனியன் கம்பெனி ஊழியர்: நாங்க நூலுக்குக் கவுண்ட் பார்க்கிறோம். இதுக்கு அகலம் எப்படிங்க பார்ப்பீங்க?

இழைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதன் மேல் பிரகாசம் ஏறி இறங்குவதை வரைபடமாக்குவோம். முதலில் சுற்றியுள்ள மங்கலான வெளிச்சத்தைக் கழிக்க வேண்டும். பிறகு உச்சத்தின் பாதி உயரத்தில் அகலத்தை எடுக்கிறோம். அதுவும் உண்மையான அகலம் இல்லைங்க. தொலைநோக்கி புள்ளியைக்கூடப் பரப்பித்தான் காட்டும். அந்தப் பரப்புக்கு 'பீம்' என்று பெயர். வானில் கோணத்தை விகலையில் அளப்போம்; ஒரு பாகையில் 3,600 விகலை. அளந்தது 1.5 விகலை, பீம் 1.2 விகலை என்று வைப்போம். இரண்டையும் வர்க்கமாக்கிக் கழிக்க வேண்டும்: 2.25-இல் 1.44 போனால் 0.81, அதன் வர்க்கமூலம் 0.9 விகலை. அந்தத் தூரத்தில் ஒரு விகலை சுமார் 0.13 ஒளியாண்டு. ஆக, இழையின் தடிமன் 0.12 ஒளியாண்டு வரும். அளந்தது பீமுக்குச் சமமாகவே வந்தால், 'இதைவிட மெல்லியது' என்று மட்டும்தான் எழுத வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

ஈரோடு, கல்லூரி மாணவர்: அங்கே காந்தப்புல இழைகளும் இருக்கே, எது வாயு என்று எப்படி முடிவு செய்வது?

நல்ல கேள்வி தம்பி. 1984-இல் யூசெஃப்-சாதே, மோரிஸ், சான்ஸ் மூவரும் அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கியில் கண்ட, மையத்துக்கு அருகே இருக்கும் 'ரேடியோ வளைவு' என்ற அமைப்பின் நேர் இழைகள் காந்தப்புலத்தால் ஒளிர்பவை. பக்கத்திலேயே இருக்கும் 'அரிவாள்' மேகம், குவின்டுப்லெட் விண்மீன் கொத்தின் புறஊதாவால் அயனியானது. அலைவரிசை மாற்றி மாற்றிப் பார்த்தால், வெப்ப வாயுவின் பிரகாசம் பெரிதாக மாறாது. ஆனால் வளைவின் இழைகளும் அப்படித்தான் நடிக்கும்! அதனால் அதை மட்டும் நம்பாதே. எலக்ட்ரான் மறுபடி ஹைட்ரஜனோடு சேரும்போது குறிப்பிட்ட அலைவரிசையில் வரும் மறுஇணைப்புக் கோடு கிடைத்தால் வாயு. வலுவான முனைவாக்கம் (அலைகள் ஒரே திசையில் அதிர்வது) கிடைத்தால் காந்தம்.

பொள்ளாச்சி, ஆசிரியர்: நீளம்?

வானில் தெரிவது நிழல் நீளம்தான் சார். நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் உண்மை நீளம் அதிகம். வாயுவின் வேகத்தையும் சேர்த்து ஆராய்ந்தால்தான் சாய்வு பிடிபடும்.

ஈரோடு மாணவரே மறுபடி: அப்புறம், நாங்களே செய்து பார்க்கலாமா?

தாராளமாக. விஎல்ஏ-வின் பழைய பதிவுகள் பொதுவில் கிடைக்கும். அந்தப் பதிவுகளைப் படமாக்கும் காசா (CASA) மென்பொருள் இலவசம். மடிக்கணினியில் இடம் மட்டும் நிறைய வைத்துக்கொள்.