அட்டையைக் கழற்றிவிடவா?

கேள்வி: ஐயா, புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் ‘தேவனாலே கூடாதகாரியம் ஒன்றுமில்லை’ என்று இருந்தது. ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்து, கணவருக்காக 40 நாள் உபவாசம் இருந்தேன். ஆகஸ்டில் அவர் இறந்துபோய்விட்டார். எனக்கு விசுவாசம் போதவில்லை என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொல்கிறார். எல்லாம் முடிகிற தேவன் ஏன் செய்யவில்லை? அட்டையைக் கழற்றிவிடவா?
— ஒரு சகோதரி, சைதாப்பேட்டை

பதில்: முதலில் அந்த ‘விசுவாசம் போதவில்லை’யை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள், அம்மா. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு, ‘அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்’ என்று ஜெபித்தார் (மாற்கு 14:36). பாடுகளின் அந்தப் பாத்திரம் எடுக்கப்படவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

உங்கள் அட்டை வசனம் லூக்கா 1:37. காபிரியேல் தூதன் மரியாளிடம் சொன்னது. அதைத் தன் காதால் கேட்ட அதே மரியாள்தான் பின்னால் சிலுவையருகே நின்றாள். நாம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். போதகனாக நானும் எத்தனையோ அட்டைகள் கொடுத்தவன்தான்.

என் மனைவி நான்கு வருடம் டயாலிசிஸில் இருந்தாள். வாரம் மூன்று நாள், விடியும் முன்னே தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் போவோம். ஊருக்கெல்லாம் சுகம் வேண்டி எண்ணெய் பூசி ஜெபித்தவன் நான். அவளுக்காகவும் அழுது ஜெபித்தேன். அவளோ ரயிலில் தானியேல் மூன்றாம் அதிகாரத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டு வருவாள். ராஜாவின் சிலையை வணங்க மறுத்து, எரிகிற சூளைக்கு முன் நிற்கிற மூன்று பேரும், எங்கள் தேவன் ‘எங்களைத் தப்புவிக்க வல்லவராயிருக்கிறார்’ என்கிறார்கள். சிலையை வணங்கமாட்டோம் என்கிற அடுத்த வசனம் ‘விடுவிக்காமற்போனாலும்’ என்று தொடங்கும். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே சொல்லுவாள். அவர் வல்லவர் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அந்த வல்லமை தன் சொல்படி நடக்க வேண்டும் என்றும் அவள் கேட்கவில்லை. 2019-ல் போய்விட்டாள்.

ஏன் செய்யவில்லை என்று கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவும் கேட்டான். கர்த்தர் பெருங்காற்றிலிருந்து அவனோடு பேசினார், காரணத்தைச் சொல்லவில்லை. ஆனால் பேச வந்தார் அல்லவா, நான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குச் சின்னமலை பக்கம்தானே? இயேசுவின் சீடர் தோமா அங்கே குகையில் தங்கியிருந்தார் என்பது நம் ஊர் நம்பிக்கை. அந்தத் தோமாவுக்கு, உயிர்த்தெழுந்த இயேசு காட்டியது சிலுவையில் காயப்பட்ட தம் கைகளையும் விலாவையும். சாவையே ஜெயித்தவருக்கு அந்தக் காயங்களை இல்லாமல் ஆக்குவது ஒரு பெரிய காரியமா? அவர் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்துத்தான் தோமா, ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ என்றார். சர்வவல்லவர் என்று நான் கும்பிடுவது இவரைத்தான். உங்கள் கணவரும் என் மனைவியும் இவர் கையில் இருக்கிறார்கள்.

அட்டை இருக்கட்டும். அதன் கீழே பேனாவால் ‘தானியேல் 3:18’ என்று எழுதிவையுங்கள். ஜெபிக்க வாய் வரவில்லையென்றால் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை சபையார் பாடும்போது நடுவில் சும்மா உட்கார்ந்திருங்கள். அந்த ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் கொஞ்ச நாள் போக வேண்டாம்.