சிபிலிஸ் இரத்தப் பரிசோதனை: வன்னியிலிருந்து சில கேள்விகள்

கே: கர்ப்பிணி கிளினிக்கில் விடிஆர்எல் பாசிட்டிவ், இரண்டாவதாகச் செய்த டிபிபிஏ நெகட்டிவ். பாலுறவால் பரவும் நோய் என்பதால் வீட்டில் சந்தேகம் கிளம்பிவிட்டது. (ஒட்டுசுட்டான்)

ப: சந்தேகத்தை முதலில் இறக்கி வையுங்கள். விடிஆர்எல் என்ற முதற்கட்டப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கார்டியோலிப்பின் என்ற கொழுப்புக்கு எதிரான எதிர்ப்பொருளைத்தான் பிடிக்கிறது. கர்ப்பம், மலேரியா, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) என்று பல காரணங்களால் அது வரும். கிருமிக்கே உரிய பரிசோதனையான டிபிபிஏ நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் போலி பாசிட்டிவ்தான். மிகப் புதிய தொற்றாக இருந்துவிடக்கூடாது என்பதற்காகச் சில கிழமைகளில் திரும்பப் பார்ப்பார்கள். கணவரையும் கூட்டிப் போங்கள்; இரத்தம் கொடுக்க அவருக்கும் கை இருக்கிறது.

கே: எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்த சிபிலிஸ் ரெபிட் கிட்டின் (சில நிமிடங்களில் முடிவு காட்டும் பரிசோதனைப் பட்டை) பெட்டியில் ‘99 சதவீதம்’ என்றிருக்கிறது. வாங்கலாமா? (கிளிநொச்சி)

ப: எதில் 99? நோயுள்ளவரைப் பிடிப்பதிலா, நோயில்லாதவரை விட்டுவிடுவதிலா? கணக்குப் போடுவோம். 1000 தாய்மாரில் 2 பேருக்கு நோய் என்று வையுங்கள். நோயில்லாத 998 பேரில் நூற்றுக்கு ஒருவர் தவறினாலும் 10 பேர் வீணாகப் பாசிட்டிவ் ஆவார்கள். ஆக, பாசிட்டிவ் வந்த 12 பேரில் 10 பேருக்கு நோயே இல்லை! தாயிடமிருந்து பிள்ளைக்கு சிபிலிஸ் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. நோய் இவ்வளவு அரிதான இடத்தில் இந்தக் கணக்குத்தான் முக்கியம்.

அதனால் முடிவு உறுதியாகத் தெரிந்த சீரங்களை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி), பெயரையும் முடிவையும் மறைத்து, அந்தக் கிட்டில் ஓட்டிப் பாருங்கள். டைட்டர், அதாவது எதிர்ப்பொருளின் அளவு, கூடிய சீரத்தை எந்தக் கிட்டும் பிடித்துவிடும். குறைந்த டைட்டர், கர்ப்பிணி, லூபஸ் சீரங்களில்தான் அதன் வண்டவாளம் தெரியும். பட்டையில் மங்கலாகத் தெரியும் கோட்டினை இரண்டு பேர் தனித்தனியே வாசிக்கட்டும். கிட் விற்கும் கம்பனியின் பிரதிநிதி பக்கத்தில் நிற்க வேண்டாம்.

கே: வெயில் காலத்தில் மட்டும் ஆர்பிஆர் பாசிட்டிவ் கூடுகிறதே? (மன்னார்)

ப: அறையில் வெப்பமானி இருக்கிறதா? ஆர்பிஆர் என்பது விடிஆர்எல் வகையைச் சேர்ந்த, அட்டையில் செய்யும் பரிசோதனை; அதற்கு 23 முதல் 29 பாகை செல்சியஸ் வேண்டும். அதற்கு மேல் போனால் கரித்துகளின் திரட்சி, அதாவது பாசிட்டிவ் அடையாளம், மிகையாகத் தெரியும். விசிறிக் காற்றில் அட்டை காய்ந்தாலும் கரித்துகள் கட்டியாகிக் குழப்பும். மூடி போட்டுச் சுழற்றுங்கள். அப்புறம், பரிசோதனைத் திரவத்தைச் சொட்டவிடும் ஊசியையும் பாருங்கள்: ஒரு மில்லிலீற்றருக்கு 60 துளி, இரண்டு கூடலாம், குறையலாம்.

கே: முன்பே பென்சிலின் போட்டேன். ரெபிட் இன்னமும் பாசிட்டிவ். (வவுனியா)

ப: ரெபிட் பிடிப்பது கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளை; அது பலருக்கு ஆயுள் முழுக்க நிற்கும். ஆர்பிஆர் டைட்டரைக் கேளுங்கள்; 1:32 இருந்தது 1:8 ஆகக் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. பழைய முடிவு எழுதிய அட்டையைக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.