ஏழாம் வகுப்பு மகளுக்குப் போட்டிக் கணக்குகளை எப்படிப் பழக்குவது?

கேள்வி இதுதான்: மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு. ஏஎம்சி 8 தேர்வின் (எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கான அமெரிக்கக் கணிதப் போட்டி) பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தால் 25-க்கு 9தான் வருகிறது. அவளுக்குக் கணக்கு வரவில்லையா, எந்த மாதிரிக் கணக்குகளைக் கொடுத்துப் பழக்குவது?

பழக்கமே இல்லாமல் 9 எடுத்திருக்கிறாள் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்தத் தாளை நீங்களே கடிகாரம் வைத்து 40 நிமிடத்தில் போட்டுப் பாருங்கள். நான் முதல் தடவை உட்கார்ந்தபோது நேரம் முடிந்தும் நான்கு கணக்குகள் தொடாமலே கிடந்தன. படித்ததென்னவோ பொறியியல்.

நான் ஆசிரியர் இல்லை. தங்கை மகளுக்கு இரண்டு வருடமாக வார இறுதியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சரியாகச் சொன்னால், முதல் ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தே கெடுத்தேன். அதற்குப் பிறகுதான் வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழகினேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

பள்ளிக் கணக்கில் பாடத்தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடும். 'விகிதம்' என்ற பாடத்தின் கடைசியில் இருக்கிற கணக்கை விகிதத்தை வைத்துத்தான் போடவேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். போட்டிக் கணக்குக்குத் தலைப்பு கிடையாது. உதாரணமாக, 1 முதல் 10 வரையுள்ள எண்களில் எந்த ஆறு எண்களை எடுத்தாலும், கூட்டினால் 11 வருகிற இரண்டு எண்கள் அவற்றில் கட்டாயம் இருக்கும், ஏன்? இதற்குக் கூட்டல் தெரிந்தால் போதும், நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனால் எங்கே தொடங்குவது என்று யாரும் சொல்லவில்லை. 1-10, 2-9, 3-8, 4-7, 5-6 என்று ஐந்து ஜோடிகளாகப் பிரித்துப் பார்க்கத் தோன்றிவிட்டால் ஒரே வரியில் முடிந்தது: ஐந்து ஜோடியிலிருந்து ஆறு பேரை எடுத்தால் ஏதோ ஒரு ஜோடி முழுசாக வந்துதான் ஆகவேண்டும். தோன்றாவிட்டால் ஒரு மணி நேரம் ஆனாலும் நகராது. உங்கள் மகள் திணறுவது இந்த இடத்தில்தான். தெரியாத பாடம் எதுவும் அங்கே இல்லை.

இனி என் கதை. 1 முதல் 100 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் வருகிற எண்ணின் கடைசியில் எத்தனை பூஜ்யங்கள் இருக்கும்? பழைய கணக்கு, நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள். இதைத் தங்கை மகளிடம் கொடுத்தேன். முதலில் என் போனை வாங்கிக் கால்குலேட்டரில் தட்டினாள். அது 9.33 என்று தொடங்கி ஏதேதோ காட்டிவிட்டுக் கடைசியில் 157 என்று முடித்தது. போனைத் திருப்பித் தந்துவிட்டு, 1 முதல் 10 வரை நோட்டில் பெருக்கினாள். 36,28,800. இரண்டு பூஜ்யம்.

"பத்துக்கு ரெண்டு. அப்போ நூறுக்கு இருபது."

நல்ல ஊகம். தப்பான ஊகம்தான், ஆனாலும் நல்ல ஊகம். பூஜ்யம் என்றால் அங்கே ஒரு 2-உம் ஒரு 5-உம் சேர்ந்திருக்கின்றன என்பது வரைக்கும் அவளே வந்துவிட்டாள். 2-கள் ஏராளமாகக் கிடைக்கும், 5-களை மட்டும் எண்ணினால் போதும் என்பதும் புரிந்துவிட்டது. 5-இன் மடங்குகள் இருபது. ஆகவே விடை இருபதுதான் என்று இன்னும் உறுதியாகச் சொன்னாள். அந்த இடத்தில் நான் செய்த காரியம்: "25-ஐப் பார்த்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவ்வளவுதான். 25-இல் இரண்டு ஐந்துகள், 50, 75, 100-இலும் அப்படியே. இருபதோடு நான்கைக் கூட்டி 24 என்று எழுதினாள். விடை சரி. ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது, இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

அடுத்த வாரம் அதே கணக்கை 200-க்குக் கேட்டேன். 200-ஐ 5-ஆல் வகுத்தால் 40, 25-ஆல் வகுத்தால் 8, மொத்தம் 48 என்றாள். சரியான விடை 49. 125-க்குள் மூன்று ஐந்துகள் இருக்கின்றன, அதை விட்டுவிட்டாள். நான் '25' என்ற எண்ணைத்தான் கையில் கொடுத்திருந்தேன். 25 ஏன் முக்கியம் என்பதை அவள் தேடிக் கண்டுபிடித்திருக்கவே இல்லை. தேடியிருந்தால் 125 தானாக வந்து நின்றிருக்கும். பார்க்கப்போனால் அவள் யோசிக்கவேண்டிய ஒரே இடத்தை நான் யோசித்துக் கொடுத்திருந்தேன்.

அதனால் அடுத்த கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்: 1 முதல் ஏதோ ஓர் எண் வரை பெருக்கினால் கடைசியில் மிகச்சரியாக ஐந்து பூஜ்யங்கள் வரவேண்டும், அந்த எண் எது? அன்றைக்கு விடை வரவில்லை. மறுநாள் "கேள்வியே தப்பா இருக்கு" என்று கோபம். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது.

"மாமா, இருபத்திநாலு வரைக்கும் நாலு பூஜ்யம்தான். இருபத்தஞ்சு வந்ததும் ஒரேயடியா ஆறு. அஞ்சு வரவே வராது. என்னை ஏமாத்திட்டே!"

ஏமாற்றியதுதான். 'அப்படி ஓர் எண் இல்லை' என்பதும் ஒரு விடைதான் என்று பள்ளிப் புத்தகம் சொல்லித்தருவதில்லை.

ஆகவே எந்தக் கணக்கைக் கொடுப்பது என்பதைவிட, கொடுத்தபின் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. பிள்ளை முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பெரியவர்களால் முடிவதில்லை. இரண்டு நிமிட மௌனம் நமக்கு இருபது நிமிடமாகத் தெரியும். நான் இப்போது வைத்திருக்கிற வழி: மாட்டிக்கொண்டால் இரண்டே கேள்விகள்தான் கேட்பேன். "இதுவரைக்கும் என்ன பண்ணினே?" என்பது ஒன்று, "சின்ன எண்ணை வெச்சுப் பார்த்தியா?" என்பது இன்னொன்று. கணக்குக்குள் இருக்கிற எந்த எண்ணையும் என் வாயால் சொல்வதில்லை.

எந்த மாதிரிக் கணக்குகள் என்று கேட்டீர்கள். இந்த வயதுக்கான போட்டிகளில் சுற்றிச் சுற்றி வருவது நான்கைந்து வகைதான்: காரணிகளும் மீதிகளும், எத்தனை விதமாக என்று எண்ணுவது, பரப்பளவு, வேகம்-விகிதம்-சராசரி, கொஞ்சம் நிகழ்தகவு. இவற்றில் கடைசி இரண்டையும் பள்ளிப் பாடமே ஓரளவு பார்த்துக்கொள்ளும். போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 60 என்றால் சராசரி 50 இல்லை, 48 என்பதை ஒருமுறை சூடுபட்டுத் தெரிந்துகொண்டால் மறக்காது. மற்ற மூன்றில்தான் நேரத்தைப் போடவேண்டும்.

எண்ணும் கணக்கில் எனக்குப் பிடித்தது இது: நாக்-அவுட் போட்டியில் 37 பேர் கலந்துகொள்கிறார்கள், தோற்றவர் வெளியே, வெற்றியாளரைத் தீர்மானிக்க எத்தனை ஆட்டங்கள்? பிள்ளைகள் எல்லாரும் சுற்றுச் சுற்றாகப் போவார்கள். முதல் சுற்றில் 18 ஆட்டம், ஒருவர் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகிறார், மிச்சம் 19 பேர். பிறகு 9, 5, 2, 1, 1. மொத்தம் 36. கவனமாகச் செய்தால் விடை வந்துவிடும், தப்பில்லை. வந்தபிறகு "37 பேருக்கு 36 ஆட்டம். இது தற்செயலா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விடுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரே ஒருவர் வெளியேறுகிறார், மொத்தம் 36 பேர் வெளியேறவேண்டும் என்று ஒரு நாள் பிடிபடும்போது முகத்தைப் பார்க்கவேண்டும். ஜெயிப்பவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் தோற்பவரைப் பார்க்கத் திரும்பிவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். அதே பார்வையை இன்னோர் இடத்திலும் பயன்படுத்தலாம். மூன்றிலக்க எண்களில் குறைந்தது ஒரு 7 இருக்கிற எண்கள் எத்தனை? 7 இருப்பவற்றை எண்ணினால் ஒன்றையே இரண்டு மூன்று தடவை எண்ணித் தொலைப்போம். 7 இல்லாதவற்றை எண்ணினால் 8 × 9 × 9 = 648. மொத்தம் 900, கழித்தால் 252.

வடிவியலில் ஒன்று. ஒரு சதுரத்துக்குள் நான்கு பக்கங்களையும் தொடுகிற மாதிரி ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் நான்கு மூலைகளும் வட்டத்தின்மேல் இருக்கிற மாதிரி இன்னொரு சதுரம். பெரிய சதுரத்தின் பரப்பில் சின்னது எவ்வளவு பங்கு? படத்தை எல்லாரும் இரண்டு சதுரமும் நேராக நிற்கிற மாதிரித்தான் வரைவார்கள். அப்படி வரைந்தால் பித்தாகரஸ் தேவைப்படும், வர்க்கமூலம் வரும், ஆறாம் வகுப்புப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். உள்ளே இருப்பதை 45 பாகை திருப்புங்கள். வட்டத்துக்குள் எப்படித் திரும்பினாலும் சதுரம் அதே சதுரம்தான். இப்போது அதன் மூலைகள் பெரிய சதுரத்தின் பக்கங்களின் நடுப்புள்ளிகளில் போய் உட்காரும். வெளியே மிஞ்சுகிற நான்கு முக்கோணங்களை உள்ளே மடித்தால் சின்னச் சதுரம் சரியாக மூடிக்கொள்ளும். ஆகவே பாதி. சூத்திரமே வேண்டாம். இதைத் தாளில் வெட்டி மடித்தே காட்டலாம், நான் காட்டவில்லை, அவளே வெட்டினாள்.

சூத்திரங்களைப் பற்றி ஒரு புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி வகுப்புகள் பலவற்றில் ஆறாம் வகுப்பிலேயே சேர்மானச் சூத்திரத்தை (இத்தனையில் இத்தனையை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கான சூத்திரம்) ஏற்றிவிடுகிறார்கள். அப்படிப் படித்த பையன் ஒருவன், சதுரங்கப் பலகையில் எத்தனை செவ்வகங்கள் என்றால் ஒன்பது கோடுகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 36 வழி, நெடுக்கும் குறுக்கும் சேர்த்து அதன் வர்க்கம், 1296 என்று கண்மூடித் திறப்பதற்குள் சொன்னான். எத்தனை சதுரங்கள் என்றேன். அப்படியே நின்றுவிட்டான். 1-க்கு 1 அளவில் 64, 2-க்கு 2 அளவில் 49 என்று எண்ணிக்கொண்டே போனால் 204 வந்துவிடும், அது அவனுக்குத் தெரிந்த எதையும்விடச் சுலபம். எண்ணிப் பார்க்கலாம் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

நேரம் வைத்துப் போடுவது தனிப் பயிற்சி, அதை யோசிக்கும் பயிற்சியோடு குழப்பவேண்டாம். ஏஎம்சி 8-இல் 25 கணக்குக்கு 40 நிமிடம், கணக்குக்கு 96 விநாடி. மாத்கவுன்ட்ஸ் என்ற இன்னோர் அமெரிக்கப் பள்ளிப் போட்டியின் ஸ்பிரின்ட் சுற்றில் 30 கணக்குக்கு அதே 40 நிமிடம், அதாவது 80 விநாடி. இந்த அவசரம் இந்த வயதுப் போட்டிகளின் இயல்பு. மேலே போகப் போகக் குறைந்துவிடும். சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் ஒரு நாளைக்கு மூன்று கணக்கு, நான்கரை மணி நேரம். அங்கே போய் நிற்கிறவர்களுக்கு ஒரு கணக்கோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கத் தெரிந்திருக்கவேண்டும். அதனால் நான் தேர்வுக்கு முந்தைய ஆறேழு வாரம் மட்டும்தான் கடிகாரத்தை எடுப்பேன். ஏஎம்சி 8 தாளில் கணக்குகள் ஏறக்குறைய எளியதிலிருந்து கடினமானதற்குப் போகும், கடைசி ஐந்து நிஜமாகவே கடினம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஆகவே தேர்வில் ஒன்றையும் காலியாக விடக்கூடாது. வீட்டில் போடும்போது மட்டும் ஐந்து விடைத் தெரிவுகளையும் கையால் மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெரிவுகளிலிருந்து பின்னோக்கிப் போகும் தந்திரம் தேர்வுக்கு உதவும், யோசிக்க உதவாது.

அந்த 9 மதிப்பெண் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தப்பான 16-ஐயும் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். சிலதில் கேள்வியையே சரியாகப் படித்திருக்கமாட்டாள். 'வெவ்வேறு எண்கள்' என்ற சொல்லைத் தாண்டிப் போயிருப்பாள். சிலது கூட்டல் பிழை. நேரமில்லாமல் விட்டவை சில இருக்கும். இவற்றையெல்லாம் கழித்தபின் மிஞ்சுகிற ஆறேழு கணக்குகள்தான் உங்கள் கையில் இருக்கிற நிஜமான புதையல். வாரத்துக்கு ஒன்று கொடுங்கள், போதும். விடைத்தாளை ஒளித்துவையுங்கள், முடிந்தால் உங்கள் கண்ணிலிருந்தும்.

தங்கை மகளுக்கு அந்த ஐந்து பூஜ்யக் கணக்கு இன்னும் முடியவில்லை. வேறு எந்தெந்த எண்ணிக்கை வராமல் போகிறது என்று அவளாகவே பட்டியல் போட்டாள்: 5, 11, 17, 23. ஆறு ஆறாகப் போகிறது, அடுத்தது 29 என்று எழுதிவிட்டுச் சரிபார்த்தாள். 29 வராததோடு 30-உம் வரவில்லை. 124 வரை பெருக்கினால் 28 பூஜ்யம், 125 வரை பெருக்கினால் 31. இந்த முறை 125-ஐ அவளுக்கு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. பழைய நோட்டை எடுத்து 48-ஐ அடித்துவிட்டு 49 என்று எழுதி, பக்கத்தில் எனக்கு ஒரு கேள்வி வைத்திருந்தாள்: "ஒரேயடியா மூணு எண்ணைத் தாண்டுற இடம் எங்கே மாமா?"