சேற்றில் கரண்ட் எடுக்கும் மகளுக்கு எந்தப் படிப்பு?

அண்ணாச்சி, வணக்கம்.

போன வாரம் பாளையங்கோட்டையில் நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் காதிலேயே நிற்கிறது. "காத்தாலை இருக்கு, கூடங்குளம் இருக்கு, பாபநாசத்துல தண்ணியில எடுக்காங்க. இவ சேத்துல கரண்ட் எடுக்கப் போறேன்னு சொல்லுதா. இதைப் படிச்சா சோறு கிடைக்குமா சார்?" வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன்.

பிள்ளை செய்திருப்பது விளையாட்டு இல்லை. பானையில் வயல் சேற்றை நிரப்பி, தீர்ந்துபோன டார்ச் பேட்டரியின் கரிக்கம்பி ஒன்றை உள்ளே புதைத்து, இன்னொன்றை மேலே நிற்கும் தண்ணீரில் விட்டிருக்கிறாள். சேற்றின் ஆழத்துக்குக் காற்று போகாது. அங்கே இருக்கும் சில பாக்டீரியாக்கள் மக்கும் பொருளைத் தின்று, அதிலிருந்து வரும் எலக்ட்ரானை ஆக்சிஜன் இல்லாததால் மண்ணில் உள்ள இரும்புத் துருவிடம் தள்ளிவிடும். துருவுக்குப் பதில் கரிக்கம்பி கிடைத்தால் அதில் தள்ளும். ஒயர் வழியாக மேலே வரும் எலக்ட்ரான் அங்கே ஆக்சிஜனைச் சந்திக்கிறது. மல்டிமீட்டர் காட்டிய 0.45 வோல்ட் இதுதான். இப்படிப்பட்ட அமைப்புக்கு நுண்ணுயிர் மின்கலம் என்று பெயர். நுண்ணுயிரிலிருந்து மின்சாரம் வரும் என்று இங்கிலாந்தில் பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர் 1911-லேயே காட்டிவிட்டார். இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஜியோபாக்டர் பாக்டீரியாவை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் டெரக் லவ்லி 1987-ல் வெளியுலகுக்குச் சொன்னார். அதுவும் அமெரிக்காவில் ஒரு ஆற்றுச் சேற்றில் கிடைத்ததுதான்.

ஆனால் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 0.45 வோல்ட் என்பது எதையும் மாட்டாமல் அளந்தது. 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி அளக்கச் சொல்லுங்கள், சட்டென்று இறங்கும். 0.2 வோல்ட்டில் நின்றால் கிடைக்கும் சக்தி 40 மைக்ரோவாட். உங்கள் வீட்டு 9 வாட் பல்பு எரிய அப்படிப்பட்ட பானை இரண்டேகால் லட்சம் வேண்டும். கூடங்குளத்தில் ஓடும் உலைகள் இரண்டும் தலா 1000 மெகாவாட். ஆகவே ஊருக்குக் கரண்ட் கொடுக்கப் போகிறேன் என்று அவள் இந்தப் படிப்புக்குள் போனால் மனம் உடைந்துபோவாள். இதை நீங்கள் சொல்ல வேண்டாம், அப்பா தடுக்கிறார் என்று எடுத்துக்கொள்வாள். ரெசிஸ்டரை மாட்டி அவளே பார்க்கட்டும்.

அப்படியானால் இது எதற்கு? பதில் உங்கள் அரிசி மில்லுக்குள்ளேயே இருக்கிறது. நெல் ஊறப்போட்டு வடிக்கிற தண்ணீர் இரண்டு நாளில் எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியும். நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. சாதாரணமாக அதைச் சுத்திகரிக்க ப்ளோயர் வைத்து இரவும் பகலும் காற்று ஊத வேண்டும், கரண்ட் பில்லில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். இந்த மின்கலத்தில் நுண்ணுயிர் அழுக்கைத் தின்ன அப்படி ஊத வேண்டியதில்லை. கசடும் குறையும், கூடவே கொஞ்சம் மின்சாரமும் வரும். கரக்பூர் ஐஐடியில் பேராசிரியர் காங்ரேக்கரின் குழு 2010-ல் அரிசி மில் கழிவுநீரை வைத்தே இதைச் செய்து பார்த்தது. கலத்தின் இரண்டு பக்கத்தையும் பிரிக்கிற விலை உயர்ந்த சவ்வுக்குப் பதில் அவர்கள் மண்பானையையும் வைத்துப் பார்த்தார்கள். நனைந்த களிமண்ணின் நுண்துளை வழியாக அயனிகள் நகரும், அதனால் பானைச் சுவரே சவ்வின் வேலையைச் செய்கிறது. காருகுறிச்சிப் பானையும் அரிசி மில் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எங்கே கிடைக்கும்? இதைப் படித்தபோது எனக்கே உற்சாகம் தாங்கவில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். நுண்ணுயிர் என்றதும் மைக்ரோபயாலஜி என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். நான் அதை முதல் இடத்தில் வைக்க மாட்டேன். இந்தத் துறை ஆய்வகத்தை விட்டு வெளியே வரத் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பாக்டீரியா இல்லை. ஆக்சிஜன் சேரும் பக்கத்தில் வினை மந்தம், அதை வேகப்படுத்தும் பிளாட்டினம் கட்டுப்படியாகாத விலை, கலத்தைப் பெரிதாக்கினால் அதே விகிதத்தில் சக்தி கூடுவதில்லை. எல்லாமே மின்வேதியியல், அதாவது மின்சாரமும் வேதிவினையும் சேருகிற பாடத்தின் சிக்கல்கள். நுண்ணுயிரியலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், மின்வேதியியல் அடித்தளம் இல்லாமல் பின்னால் கட்டுவது கஷ்டம்.

அதற்கென்றே காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்று சொல்வது, இருக்கிறது. அங்கேயே அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் பி.டெக் நடக்கிறது. அவள் பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் வழி திறந்திருக்கிறது. இடம் குறைவு, கட்ஆப் அதிகம், அதை நம்பியே இருக்கவும் கூடாது. கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டையிலேயே சாரா டக்கரிலோ சேவியரிலோ பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்த்துவிடுங்கள். அப்புறம் எம்.எஸ்சி., நெட் தேர்வில் ஜேஆர்எஃப். அது கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி.

ஒரு வேளை இந்த நுண்ணுயிர் மின்கலம் அவள் காலத்தில் பெரிதாக வராமலே போனாலும் படித்தது வீணாகாது. தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்து ஆலையில் காஸ்டிக் சோடா தயாரிப்பது உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சித்தான். பேட்டரி, துருப்பிடிப்புத் தடுப்பு, முலாம் பூச்சு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் இதே பாடம். பயோஎனர்ஜி, நானோ என்று கவர்ச்சியான பெயர் வைத்த புதுப் படிப்புக்கு மட்டும் நன்கொடை கொடுத்துச் சேர்த்துவிடாதீர்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறவருக்கு அந்தப் பெயர் புரியாமல் திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

காரைக்குடி தூரம் என்று வீட்டில் அக்கா பயப்படுவதாகச் சொன்னீர்கள். மதுரை வழியாகப் போனாலும் ஒரு பகல் பயணம்தான். முதல் தடவை நீங்களே கூடப் போய் விடுதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை மகளையும் அழைத்து வாருங்கள். பானையைத் தூக்கி வர வேண்டாம். சேறு கலங்கினால் உள்ளே காற்று புகுந்து, வோல்ட் பழையபடி ஏற நாள் பிடிக்கும். தினமும் ஒரே நேரத்தில், ரெசிஸ்டரோடும் இல்லாமலும் அளந்து எழுதிய நோட்டு மட்டும் போதும்.