இரட்டைக் கிளிக்

வணக்கம். ஒன்பது வருடமாகக் கையில் இருக்கும் மவுஸ். இடது பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இரண்டு கிளிக் விழுகிறது. ஃபைலை இழுத்தால் பாதியில் நழுவுகிறது. துரு எடுக்கும் எண்ணெயை அடித்துப் பார்த்தேன், பயனில்லை. மேல்பூச்சு வேறு பிசுபிசுக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. வயர்லெஸ் வாங்கிவிடலாமா?
கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

மனசு வராதது நல்ல குணம். ஆனால் எண்ணெய் அடித்தீர்களே, என்ன காரியம் அது! தூசியைப் பிடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். இனி எதற்கும் அதை அடிக்காதீர்கள். பிசுபிசுப்பு பெரிய விஷயமில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் பூச்சு உருண்டு வந்துவிடும். வயர்லெஸ் பேச்சு இப்போது வேண்டாம்.

கெட்டிருப்பது மவுஸ் இல்லை, ஒரு ஸ்விட்ச். பொத்தானுக்கு அடியில் 12.8 மில்லிமீட்டர் நீளப் பெட்டி. அதற்குள் வளைந்து நிற்கும் செப்புக் கலவைத் தகடு, அழுத்தினால் ‘டிக்’கென்று புரண்டு முனையைத் தொடும். தொடும் இடம் தேய்ந்து படலம் படிந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். கணினிக்கு அது இரண்டு கிளிக். இழுக்கும்போதோ, விரலை எடுத்துவிட்டதாகக் கணக்கு.

அடியிலுள்ள வழுக்குப் பட்டைகளை ஹேர் டிரையரால் சூடுகாட்டி உரித்தால் ஸ்க்ரூ தெரியும். மாற்றுக்கு ஓம்ரான் கம்பெனியின் டி2எஃப்-01எஃப் ஸ்விட்ச் போதும். ஒளியால் வேலை செய்யும் ஆப்டிகல் ஸ்விட்ச் சேராது.

பழைய ஸ்விட்சைக் கழற்றும்போதுதான் பலரும் அது பற்றவைக்கப்பட்டிருக்கும் சர்க்யூட் போர்டைக் கெடுக்கிறார்கள். மூன்று கால்களில் ஒன்றை மட்டும் சூடாக்கி இழுத்தால் போர்டின் செப்பு வளையமே உரிந்து வரும். கம்பெனி போட்ட ஈயமில்லாப் பற்று லேசில் உருகாது. சால்டரிங் அயர்னை 350 டிகிரி செல்சியஸில் வைத்து, பற்று நன்றாகப் பரவ உதவும் ஃப்ளக்ஸ் பசையைத் தடவி, 60/40 ஈயத்தை (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) மூன்று கால்களிலும் தாராளமாகக் கலந்துவிடுங்கள், இளகும். பிறகு உருகிய ஈயத்தைச் செப்புக் கம்பிப் பின்னலால் உறிஞ்சுங்கள். ஒவ்வொரு காலும் துளைக்குள் ஆட வேண்டும். ஆடாத கால் இருந்தால் மறுபடி ஈயம், மறுபடி பின்னல். இழுக்காதீர்கள். ஸ்விட்ச் தானாக நழுவி விழ வேண்டும்.

ஸ்விட்சின் மேலே உள்ள குமிழ் நடுவில் இராது, ஓரமாக இருக்கும். கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதியதைப் பக்கம் மாற்றிப் பொருத்தினால் பொத்தான் குமிழில் சரியாக உட்காராது. புதியது போர்டோடு ஒட்டி நிற்கட்டும். சாய்ந்தால் அழுத்தம் மாறிவிடும்.

மவுஸின் அசைவை உணரும் சென்சாரே போயிருந்தால் விட்டுவிடுங்கள். அப்போதும் வலது ஸ்விட்சைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். குறைவாக அழுத்தப்பட்டது, அளவும் காலும் ஒத்துவந்தால் அடுத்த மவுஸின் இடது பக்கத்துக்கு ஆகும். மிச்சத்தை மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். செம்புக்காக வயரை எரிப்பவரிடம் வேண்டாம், வயரின் பிவிசி பிளாஸ்டிக் உறை எரியும் புகை விஷம்.